மருந்து படாத வண்டுகள்

சாரி-தெரெக்,
நவம்பர் கடைசி வாரம்.

அன்பு மகள் சோல்பொன்னுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை நூர்தினும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், கடவுள் அப்படியே வைத்திருக்கட்டும். எங்களைக் கேட்டால், உடம்பு என்று பார்த்தால் ஒரு குறையும் இல்லை, மனசைக் கேட்டால்தான் பதில் நீளம், அதற்காகத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் நீ 'அம்மா, லேப்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்' என்று வைத்துவிடுகிறாய், அந்த அப்புறம் இதுவரைக்கும் வந்ததில்லை. காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது பார். துயூப் ஊர் வாத்தியார் மகள் ஜெர்மனிக்குக் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறாள், அவளிடம் இதையும் ஒரு பை காய்ந்த தயிர் உருண்டையையும் கொடுத்தனுப்புகிறேன், உனக்குப் பிடிக்கும் என்று அதிகம் உப்பு போடாமல் உருட்டியிருக்கிறேன். முதலில் கடிதத்தைப் படி, பிறகு அதைத் தின்னு.

வீட்டுச் செய்தி என்று சொல்லப்போனால் சின்னப் பசு கன்று போட்டது, கிடேரிதான், அதன் நெற்றியில் வெள்ளை இருக்கிறது. அடுப்புப் புகைக்குழாய் ஓட்டையாகிச் சுவரெல்லாம் கரியாகி, அப்பா புதுக்குழாய் போட்டார். ஏரிப் பக்கத்துக் காற்று இந்த வருஷம் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது, காதை மூடாமல் வாசலுக்குப் போக முடியவில்லை. நீ அனுப்பிய கம்பளிக் காலுறைகள் வந்து சேர்ந்தன. ஊர் பூராவும் செம்மறி மேய்கிறது, இந்த ஊருக்குப் போய்க் கம்பளி அனுப்புகிறாள் என் மகள் என்று அலமாரியில் வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே, உன் அப்பா ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார், சோல்பொன் அனுப்பியது என்று ஆள் ஆளுக்குக் காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார், அது ஜூன் மாதம் வரைக்கும். இப்போது காட்டுவதற்கு ஆள் வருவதில்லை.

ஏன் வருவதில்லை என்று உனக்குப் பாதி தெரியும், மீதியை நான் சொல்கிறேன். போன ஏப்ரலில் நீ போனில் முகம் காட்டிப் பேசினாயே, அந்த நாளை நினைத்துப் பார். உருளைக்கிழங்குக் கிடங்கில் ஊரே கூடியிருந்தது, உன் அப்பா மருந்துப் பீப்பாய் மேல் போனை நிறுத்தி வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், கை வலிக்குமே என்று ஒருத்தன் வாங்க வந்தபோதும் கொடுக்கவில்லை. செடியைத் தின்கிற அந்தக் கோடுபோட்ட வண்டுக்குப் பழைய மருந்து இனிமேல் கேட்காது, புது மருந்துக்கு மாறலாம் என்று ஊரில் பாதிப்பேர் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. நீ என்னவெல்லாம் சொன்னாய்! 'வண்டோட உடம்புல ஒரு நரம்பு அடுத்த நரம்புக்கு ஒரு சரக்கு மூலமாத்தான் சேதி அனுப்பும், அந்தச் சரக்கை வாங்கிக்கறதுக்கு அடுத்த நரம்புல ஒரு வாசல் இருக்கு, அதுக்கு ஏற்பின்னு பேரு, அடங்குன்னு வர்ற சேதி அது வழியாத்தான் உள்ளே போகும், மருந்து போய் அந்த வாசலை அடைச்சா வண்டு அடங்கத் தெரியாம துடிச்சே சாகும்' என்றாய். 'அந்த வாசலைக் கட்டற மரபணு எதுன்னு நான் தேடிக் கண்டுபிடிச்சு ஒவ்வொரு எழுத்தா படிச்சுட்டேன், அதுல ஒரே ஒரு எழுத்து மாறினாலும் மருந்துக்கு அங்கே இடம் கிடைக்காது, நம்ம ஊரு வண்டுல அந்த எழுத்து மாறவே இல்லை, பழைய மருந்தே போதும், தைரியமா அடிங்க' என்றாய். எல்லாரும் கேட்டோம். பாதி புரியவில்லை, ஆனால் எங்கள் பெண் பேசுகிறாள் என்று வாயைப் பிளந்து கேட்டோம். பக்கத்து வயல்காரன் ஒமூர்குல்கூட 'சதிர்பெக் அண்ணே, உங்க பொண்ணு வண்டோட வயித்துக்குள்ளயே போயிட்டு வந்திருக்கா' என்று உன் அப்பாவின் தோளைத் தட்டினான். அன்றைக்கு உன் அப்பா வீட்டுக்கு நடந்து வந்த நடை இருக்கிறதே, அப்படி ஒரு நடை அவர் எங்கள் கல்யாணத்தன்றுகூட நடக்கவில்லை.

ஜூனில் அடித்தார்கள். வழக்கம்போல ஊர் முழுவதற்கும் மருந்து கலந்தது உன் அப்பாதான், கூட்டுப்பண்ணைக் காலத்திலிருந்து அவர் கலந்துதான் இங்கே பழக்கம், வாளியின் உள்ளே கோடு கிழித்து வைத்துக்கொண்டு அந்தக் கோட்டை ஒரு மயிரிழை தாண்டாமல் ஊற்றுகிற மனுஷன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் செடிக்குக் கீழே சில வண்டு செத்துக் கிடந்தது, மற்றதெல்லாம் இலை மேல் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. மறுபடி அடித்தார்கள், மறுபடி தின்றது. ஜூலை முடிவதற்குள் ஊர்ப் பக்கத்து வயல் எல்லாம் வெறும் குச்சி. அதைப் பார்த்தவர்களின் வயிறு எரிந்ததை நான் எழுத வேண்டுமா, நீயும் இந்த மண்ணில் வளர்ந்தவள்தானே, கிழங்கு போனால் இந்த ஊரில் வேறு என்ன இருக்கிறது. ஒமூர்குல் நம் வேலி ஓரமாக நின்றுகொண்டு, எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாக, 'ஜெர்மனிக்காரி வண்டு வீட்டு வாசலைக் கண்டுபிடிச்சா, நம்ம வீட்டு அடுப்பை அணைச்சுட்டா' என்றான். நான் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

அப்போது உன்னைக் கூப்பிட்டோம். நினைவிருக்கிறதா நீ சொன்னது. எனக்கு இருக்கிறது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை, ஊர் என்ன ஆனது என்று கேட்கவில்லை. 'மரபணுவுல தப்பே இல்லைம்மா, நாங்க திரும்பத் திரும்பப் பார்த்துட்டோம், அப்பா மருந்தைக் கணக்காத்தான் கலந்தாரா, தண்ணியை அதிகமா ஊத்தியிருப்பாரு' என்றாய். போன் சத்தமாக வைத்திருந்தது, உன் அப்பா என் பக்கத்தில்தான் இருந்தார். தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போனார், அங்கே அன்றைக்கு அவருக்கு ஒரு வேலையும் இல்லை என்று எனக்குத் தெரியும். அடி பெண்ணே, ஊரே அவர் மேல் காறித் துப்பினாலும் அவர் துடைத்துக்கொண்டு போயிருப்பார். நீ சொன்னாயே, அதைத்தான் அவரால் துடைக்க முடியவில்லை.

இனிமேல் எழுதப்போவதுதான் உனக்குத் தெரியாதது, உட்கார்ந்து படி. போன மாதம் கிழங்கு தோண்டி முடித்தோம், தோண்டினோம் என்று பெயர்தான், குழந்தை கை அளவுகூட இல்லை ஒன்றும். அதைத் தரம் பிரிக்க உதவிக்கு உன் ஜூரா அத்தை மேல் பள்ளத்தாக்கிலிருந்து இறங்கி வந்தாள், வரும்போது தன் தோட்டத்துக் கிழங்கு இரண்டு மூட்டையைக் குதிரை மேல் போட்டுக்கொண்டு வந்தாள், எங்களுக்குக் குளிர்காலத்துக்கு ஆகட்டும் என்று. மூட்டையை அவிழ்த்தால் ஒவ்வொன்றும் என் முஷ்டி அளவு. 'உங்க பக்கம் வண்டே வரலையாடி ஜூரா' என்று கேட்டேன். 'வரும் அண்ணி, கொஞ்சம்தான், நான் கையாலயே பொறுக்கிடுவேன், தேன்கூடு இருக்கற இடத்துல அவரு மருந்து பாட்டிலைக் கண்ணுலயே காட்ட விடமாட்டாரு, எங்க தோட்டம் பிறந்ததுலேர்ந்து ஒரு சொட்டு மருந்து பார்த்ததில்லை' என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் சரி என்று கிழங்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நிறுத்தவில்லை. 'சோல்பொன்னுக்குக்கூட அங்கேருந்துதானே பொறுக்கிக் கொடுத்தேன், நல்ல கொழுத்த வண்டா பார்த்து' என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள் மகளே, பெருமையாகச் சொன்னாள்.

நான் கையில் இருந்த கூடையைக் கீழே வைத்தேன். 'என்னடி சொல்றே, மருந்து அடிச்ச வயல்ல, மறுநாள் சாகாம நடமாடற வண்டா பொறுக்கித் தாங்கன்னுதானே அவ கேட்டா' என்றேன். போன வருஷம் நீ வண்டு எடுத்துப்போக வந்த கோடைகாலத்தை நினைத்துப் பார் சோல்பொன். நீ ஒரு வாரத்துக்கு வந்தாய், வந்த அன்றே பொறுக்க வேண்டியதைத் தெளிவாகத்தான் சொன்னாய், நானும் கேட்டேன். ஆனால் நீ வயலில் கால் வைத்தாயா? எப்படி வைப்பாய், வெளியூரிலிருந்து வந்த பெண்ணை ஒவ்வொரு சொந்தக்காரன் வீட்டிலும் ஆடு அடித்துக் கூப்பிடுகிறார்கள், ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டுக்குப் போகாவிட்டால் சாகும் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள், காலையில் ஒரு வீடு, மதியம் ஒரு வீடு, சாயங்காலம் ஒரு வீடு என்று தின்று தின்றே உன் ஒரு வாரம் போயிற்று, நானும் வந்தவர்களுக்கு மாவு பிசைந்தே ஓய்ந்தேன். 'நீ போய்ச் சாப்பிடு கண்ணு, வண்டுதானே, நாங்க பொறுக்கிட மாட்டோமா' என்று அத்தை சொன்னாள், நீயும் வண்டு போட்டு வைக்கிற அந்தச் சின்னச் சின்ன சாராயக் குப்பிகளை அவள் மடியில் கொட்டிவிட்டுப் போனாய். அவ்வளவு படித்தவள், வருஷக்கணக்காக அந்த வண்டின் நரம்பைப் பார்த்துக்கொண்டிருப்பவள், அந்த வண்டு எந்தச் செடியில் உட்கார்ந்திருந்தது என்று ஒரு தரம் போய்ப் பார்க்க வேண்டாமா?

அத்தையைத் திட்டாதே, முதலில் அவள் சொன்னதைக் கேள். நான் கத்திய கத்தலில் அவள் முகம் வெளுத்துவிட்டது. 'அவளுக்கு இன்னும் வயித்துல ஒண்ணும் தங்கலையே அண்ணி, போன தடவைகூட மூணாம் மாசத்துலயே போச்சுன்னு நீங்கதானே சொல்லி அழுதீங்க, விஷம் பட்ட வண்டை எடுத்து எம் பொண்ணு கையில நான் எப்படிக் கொடுப்பேன், நாளெல்லாம் அதை வச்சுக்கிட்டு நோண்டுவாளே' என்றாள். அப்புறம் அழுதுகொண்டே, 'அதுவும் ஜெர்மனிக்குப் போற பொருள், அரை உயிரா கிடக்கறதை அள்ளிக் கொடுத்தா நம்ம ஊரைப் பத்தி என்ன நினைப்பாங்க' என்றாள். நான் அவளை அடிக்கவா, கட்டிக்கொண்டு அழவா? விருந்தாளிக்கு நல்லதைத்தான் கொடுக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டு வளர்ந்தவள், வண்டிலும் நல்லதாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறாள். வண்டுக்கும் ஆட்டுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும், என்னைவிட உனக்குத்தான் நன்றாகப் புரியும். உன் மரபணுவில் தப்பில்லை மகளே, நீ படித்த ஒவ்வொரு எழுத்தும் சரியாகத்தான் இருக்கும். மருந்தின் வாசனையே தெரியாமல் மலைமேல் தேனீக்களோடு வாழ்ந்த வண்டின் எழுத்தை நீ சரியாகப் படித்துவிட்டாய். எங்கள் வயலில் வருஷா வருஷம் விஷத்தில் குளித்து, செத்தது செத்து, மிஞ்சியது மிஞ்சி, அந்த மிஞ்சியதன் வயிற்றில் பிறந்த வண்டை நீ பார்க்கவே இல்லை. பார்க்காமலே தைரியமாக அடிங்கள் என்றாய். அடித்தார்கள்.

அன்றைக்கே உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார், தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டார், ரொம்ப நேரம் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் தெளிந்துவிடும், தன் மேல் தப்பில்லை என்று தெரிந்துவிட்டதே என்று ஊருக்குள் ஓடுவார் என்று நினைத்தேன். 'ஜூராவை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, அவ நல்லதுக்குத்தான் செஞ்சா' என்றார். சரி. 'சோல்பொன்னுக்கும் எழுதாதே, அவ ஆராய்ச்சியை எழுதி முடிச்சுப் பட்டம் வாங்கப்போற நேரம், இப்போ போய் வண்டே தப்புன்னு சொன்னா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், அங்கே பத்துப் பேரு முன்னால அவ தலை குனியணும், வேணாம் புரூல்' என்றார். நான் சொன்னேன், இங்கே ஊர் முன்னால் நீங்கள் தலை குனிந்து நிற்கிறீர்களே என்று. 'எனக்குப் பழகிடுச்சு' என்றார். பொய். பழகவே இல்லை. தொழுகைக்குப் போனால் கடைசி வரிசை ஓரத்தில் நின்றுவிட்டு யாரும் திரும்புவதற்கு முன்னால் வந்துவிடுகிறார், ரொட்டி வாங்கக்கூட என்னைத்தான் அனுப்புகிறார். இருந்தாலும் அவர் சொன்னாரே என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், என்னால் எவ்வளவு நாள் முடியும் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் இருந்தேன்.

போன வாரம் ஒமூர்குல் வீட்டில் அவன் அப்பாவின் வருஷ நினைவு விருந்து. குதிரை அடித்து, ஊரைக் கூப்பிட்டு, எல்லாம் முறையாகத்தான் செய்தான். எங்களையும் கூப்பிட்டான், கூப்பிடாமல் இருக்க முடியாது. நான் கதவோரம் சமோவார்க் கொதிகலன் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், ஆண்கள் பக்கம் நடப்பது எல்லாம் தெரிந்தது. கறி வந்தது. யார் முன்னால் எந்த எலும்பு போகிறது என்பதில்தான் இங்கே ஆளின் எடை, உனக்குத் தெரியாததா. உன் அப்பாவுக்கு எப்போதும் இடுப்பெலும்பு, உன் தாத்தா இறந்த பிறகு அந்த இடம் அவருக்குத்தான். அன்றைக்கு அவர் முன்னால் ஒரு விலா எலும்பை வைத்தார்கள், இளவட்டங்களுக்கு வைக்கிற விலா. பரிமாறியவன் அவர் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டு நகர்ந்தான். உன் அப்பா அதைத் தொடவில்லை. எல்லோரும் சாப்பிட ஆரம்பித்த பிறகு எழுந்து நின்றார். உட்காருங்கள் அண்ணே என்று யாரோ இழுத்தார்கள், கேட்கவில்லை. 'ஊரு கேட்கட்டும்' என்றார், 'எம் பொண்ணு சொன்னது சரி, மருந்தும் சரி, நான்தான் தண்ணியை அதிகமா ஊத்திட்டேன், கண்ணு முன்ன மாதிரி இல்லை, வாளில கோடு தெரியலை, வெட்கத்துல இத்தனை நாள் சொல்லலை' என்றார்.

கண்ணாடி போடாமல் எனக்கு ஊசியில் நூல் கோத்துத் தருகிற மனுஷன் அவர். நான் சமோவார்க் குழாயை மூடாமலே அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன், கோப்பை வழிந்து என் கையைச் சுட்டது, சுட்டது அப்புறம்தான் தெரிந்தது. பிறகு ஒமூர்குல், 'அதை ஜூன்லயே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன அண்ணே, சரியாக் கலந்து திரும்ப அடிச்சிருப்போமே' என்றான். ஒரு பயல், நேற்று மீசை முளைத்தவன், 'வயசாச்சுன்னா பீப்பாயை யார்கிட்டயாவது கொடுத்துட்டு அடுப்போரமா உட்கார வேண்டியதுதானே' என்றான், பத்துப் பேர் சிரித்தார்கள். உன் அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார் சோல்பொன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் காலையில் இரண்டு பேர் டிராக்டரோடு வந்து மருந்துப் பீப்பாயை இழுத்துக்கொண்டு ஒமூர்குல் வீட்டு முற்றத்துக்குப் போனார்கள், இவரே போய்ச் சங்கிலியை மாட்டிவிட்டார். கோடு போட்ட வாளியையும் கொடுத்துவிட்டார்.

உன் பெயர் காப்பாற்றப்பட்டது, சந்தோஷப்படு. இப்போது ஊரில் உன்னை மறுபடி மெச்சுகிறார்கள், பொண்ணு கெட்டிக்காரிதான், கிழவன்தான் கெடுத்துட்டான் என்கிறார்கள். ஆனால் அதோடு முடியவில்லையே. அந்த விருந்திலேயே பேசி முடித்துவிட்டார்கள், வரும் வருஷமும் அதே பழைய மருந்துதான், சோல்பொன் சொன்னது சரிதானே, இந்த முறை தண்ணியைக் குறைத்து ஒன்றுக்கு இரண்டாகக் கெட்டியாக அடிப்பது என்று. ஏப்ரலில் மருந்து வாங்க வண்டி போகிறது. அவ்வளவு விஷமும் எங்கே போகும், வண்டுக்குக் கேட்காது, வாய்க்காலில் இறங்கும், கீழ்த்தெருக் குழந்தைகள் அந்தத் தண்ணீரில்தான் விளையாடுகிறார்கள், தீவனப் புல் பூக்கிற நேரம் ஜூரா அத்தை வீட்டுத் தேனீ எல்லாம் கீழேதான் இறங்கி வருகிறது. வண்டு மட்டும் உட்கார்ந்து தின்னும். இன்னொரு வருஷம் கிழங்கு போனால் கீழ்த்தெருவில் பாதி வீடு பூட்டிக்கொண்டு ரஷ்யாவுக்குக் கூலிக்குப் போகும், இப்போதே இரண்டு வீட்டில் பேச்சு நடக்கிறது. விருந்து முடிந்து நடந்து வரும்போது உன் அப்பாவிடம் கேட்டேன், 'பொண்ணைத் தூக்கி நிறுத்திட்டீங்க, ஊரைக் குழியில தள்ளிட்டீங்களே' என்று. 'ஊரு எப்படியாவது எந்திரிச்சுக்கும் புரூல், அவ பேரு ஒரு தடவை விழுந்தா யாரு தூக்குவா' என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர் மேல் இல்லை, உன் மேல். நீ அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருப்பாய், இங்கே ஒரு மனுஷன் உனக்காகத் தன்னைக் குருடன் என்று சொல்லிக்கொண்டு விலா எலும்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

நான் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒமூர்குல் வீட்டுக்கே போய்ப் பேசினேன், இவர் பொய் சொல்கிறார், வண்டுதான் மாறிப்போனது என்று. 'புருஷனைக் காப்பாத்தப் பேசறீங்க அண்ணி, எங்களுக்குப் புரியுது, வருத்தப்படாதீங்க' என்று எனக்கு ஆறுதல் சொல்லி ஒரு தட்டு ரொட்டி கொடுத்து அனுப்பினான். என் வார்த்தைக்கு அவ்வளவுதான் மதிப்பு. ஜூரா வந்து சொன்னால் அவளை ஊர் கிழித்துவிடும், அவளும் தாங்க மாட்டாள், உன் அப்பாவும் என்னை மன்னிக்க மாட்டார். பாக்கி இருப்பது ஒரே ஒரு வாய்தான். எந்த வாய் தைரியமாக அடிங்கள் என்றதோ அது.

மண் உறைவதற்கு முன்னால், உன் அப்பா துயூப் சந்தைக்குப் போயிருந்த அன்று, நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நம் கீழ் வயலுக்குப் போனேன். ஜூனில் இரண்டு முறையும் மருந்து அடித்த வயல் அது. வண்டு குளிருக்கு மண்ணுக்குள் போய்த் தூங்குகிறது, எவ்வளவு ஆழத்தில் என்று உனக்குத் தெரியும். தோண்டினேன், முதுகு இன்னும் வலிக்கிறது. கிடைத்தது. நோஞ்சானும் கொழுத்ததும் பார்க்கவில்லை, உயிரோடு இருந்ததை எல்லாம் எடுத்தேன். ஊறுகாய் ஜாடியில் அதே மண்ணைப் போட்டு, மூடியில் ஓட்டை போட்டு, நிலவறையில் ஆப்பிள் பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். போய்ப் போய்ப் பார்க்கிறேன், தூங்குகிறது. எங்கள் வீட்டைத் தின்ற வண்டுக்கு நான் காவல் இருக்கிறேன், கேவலம்தான், ஆனாலும் இருக்கிறேன்.

துயூப் வாத்தியார் மகளிடம் இந்த ஜாடியையும் கொடுத்தனுப்பியிருக்கலாம், அவள் மாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டாள். அனுப்பவில்லை. யார் கையிலும் அனுப்ப மாட்டேன். உனக்கு அது வேண்டுமென்றால் ஏப்ரலில் மருந்து வண்டி கிளம்புவதற்கு முன்னால் நீ வந்து, நிலவறைப் படியில் இறங்கி, உன் கையால் எடுத்துக்கொள். எடுத்த பிறகு அந்த ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஒமூர்குல் வீட்டு முற்றத்துக்குப் போ, ஊரைக் கூப்பிடச் சொல், என் அப்பா கணக்காகத்தான் கலந்தார், நான் பார்க்காத வண்டைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டேன் என்று சொல். அத்தை பெயரைச் சொல்லாதே, அது நமக்குள் இருந்தால் போதும். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போகும் என்றால் போகட்டும். அதற்கு மனசில்லை என்றால் வராதே, நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் இனிமேல் இந்த வீட்டுக்குப் போன் செய்யும்போது அப்பா கண் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே.

கடவுள் உன் மடியை நிறைக்கட்டும், உன் வயிற்றில் தங்குகிற குழந்தை உன் கண்ணெதிரே வளரட்டும், நூர்தின் கைக்கு வேலையும் உங்கள் வீட்டுக்கு வெளிச்சமும் குறையாமல் இருக்கட்டும் என்று கையேந்திக் கேட்டு முகத்தில் தடவிக்கொள்கிறேன், ஆமீன். குளிரில் வெறும் தலையோடு வெளியே போகாதே. இந்தக் கடிதம் கிடைத்ததை உன் அப்பாவிடம் சொல்லிவிடாதே, அவர் எழுதவே கூடாது என்றார், ஜாடி இருப்பதும் அவருக்குத் தெரியாது. வண்டுகளுக்கு விழிப்பு வருவதற்குள் வந்து சேர்.

உன் அம்மா,
புரூல்.